கரைக்குத் திரும்பும் கல்வி

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்துள்ள மீனவ ஊர் ஆலந்தலை. அங்குள்ள திரு இருதய ஆண்டவர் ஆலயத்தால் பலரும் அறிந்த ஊர். முத்துக்குளித்துறையில் பணியாற்றிய பிரான்சிஸ் சேவியர் 1544-இல் எழுதிய கடிதங்களில் இவ்வூரின் பெயரும் காணப்படுகிறது. அதே ஆண்டு ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவில் இருந்த தம் தோழர்களுக்கு அவர் எழுதிய கடிதம், உயர்கல்வியைப் பற்றிய கடுமையான விமர்சனம் ஒன்றைக் கொண்டது.

சேவியர் பாரீஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அந்நகரிலேயே தத்துவம் கற்பித்தவர். ஓராண்டுக்கும் மேல் இக்கரையில் வாழ்ந்த பிறகு, அந்தப் பல்கலைக்கழகத்துக்கே சென்று பித்தனைப்போலக் கூவ வேண்டும் என்று தமக்குத் தோன்றுவதாக அவர் எழுதினார். கற்றவர்கள் கல்வியைப் பதவிக்கும் வருவாய்க்கும் ஏணியாக்குகிறார்களே தவிர, அது யாருக்குப் பயன்பட வேண்டும் என்று எண்ணுவதில்லை என்பதே அவருடைய வேதனை. சமயப் பணியை மனத்தில் கொண்டே அவர் எழுதினார் என்றாலும், அக்கேள்வி எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. இன்றும் விடை காணப்படாதது.

அவர் இக்கரையில் கையாண்ட கற்பித்தல் முறையும் கவனிக்கத்தக்கது. மணியடித்துச் சிறுவர்களை ஒன்று கூட்டினார். தமிழில் பெயர்க்கப்பட்ட மன்றாட்டுகளைக் கற்பித்தார். கற்ற சிறுவர்கள் வீடு திரும்பிப் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் அவற்றைச் சொல்லித்தர வேண்டும் என்று பணித்தார். கற்றவன் அன்றே ஆசிரியனாகவும் ஆனான். கல்வி தனியுடைமை அன்று, திருப்பித் தர வேண்டிய கடன் என்ற பாடம் அம்முறைக்குள்ளேயே இருந்தது.

கடலோரப் பங்குகளின் வாழ்வில் அந்தப் பாடம் இன்றும் வெவ்வேறு வடிவங்களில் தொடர்கிறது. தெருவுக்குத் தெரு குடும்பங்கள் கூடும் அன்பியம், ஞாயிறு மறைக்கல்வி, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை, பாடகர் குழு, திருவிழாப் பொறுப்புகள் எனப் பதின்வயதினர் கையில் ஏதேனும் ஒரு கடமை ஒப்படைக்கப்படுகிறது. கடலுக்குப் போன படகு திரும்பாவிட்டால், தேடப் போவது யார் என்ற கேள்வியே எழுவதில்லை. 2017-இல் ஒக்கிப் புயலில் மீனவர்கள் காணாமல் போனபோது, குமரிக் கரையில் பங்குகள் பெயர்ப் பட்டியலைத் திரட்டின. மீனவர்கள் தம் படகுகளிலேயே தேடிச் சென்றனர். அறம் அங்கே பாடமாக அல்ல, பழக்கமாகக் கற்கப்படுகிறது.

அந்தப் பழக்கம் கல்லூரி வாசலோடு அறுபடுவதுதான் சிக்கல். விடுதியில் தங்கும் மாணவனை இன்னார் மகன் என்று அறிந்தவர் எவரும் இல்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத நிலையைச் சுதந்திரம் என்று அவன் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும். 1996-இல் தமிழ்நாட்டில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவரை மூத்த மாணவர் கொன்ற கொடுமை நம் நினைவில் இருக்கிறது. அதன் விளைவாக 1997-இல் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. அறிவுக்கூர்மையும் பண்பும் ஒன்றல்ல என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கும் பணியில் இருந்த ஜான் ஹென்றி நியூமன், 1852-இல் டப்ளினில் ஆற்றிய சொற்பொழிவுகளில் இந்த வேறுபாட்டை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்: அறிவை வளர்ப்பது ஒன்று, நற்பண்பை வளர்ப்பது மற்றொன்று.

மதிப்பெண்ணுக்காக எழுதப்படும் விழுமியக் கல்வித் தேர்வால் இந்த இடைவெளி நிரம்பாது. நேர்மையைப் பற்றிய வினாவுக்கும் பார்த்து விடை எழுத முடியும் அல்லவா?

அதேவேளையில், சமூக வாழ்வு என்றாலே அறவாழ்வு என்று கருதிவிடவும் கூடாது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதிப் பிரிவினருக்கிடையே ஒரு சுவர் இருந்தது. ஒரே பீடத்தின் முன் மக்களை இரண்டாகப் பிரித்து நிறுத்திய அச்சுவரை 1910-இல் பங்குத்தந்தை கௌசானல் இடித்தார். பழைய ஏற்பாடே தொடர வேண்டும் என்று கேட்டுத் தொடரப்பட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஊரின் கட்டுப்பாடு பொறுப்பைக் கற்பிக்கும்; சில வேளைகளில் பிரிவினையையும் கற்பித்துவிடும். பல ஊரார், பல சாதியார் ஒரே வகுப்பில் அமரும் கல்லூரி, ஊரின் அந்தக் குறுகலைத் திருத்தும் இடம். எனவே பங்கும் கல்லூரியும் ஒன்றையொன்று நிறைவு செய்ய வேண்டியவை.

இதற்கான அடித்தளம் இப்பகுதியில் உண்டு. 1923-இல் பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி தொடங்கப்பட்டது. தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானதும் அதே ஆண்டில்தான். 1948-இல் தூத்துக்குடியில் தூய மரியன்னை மகளிர் கல்லூரி எழுந்தது. 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டித் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம், இரண்டாண்டுகளில் 240 மணி நேரப் பணியை ஒரு மாணவரிடம் எதிர்பார்க்கிறது. அந்த மணி நேரங்கள் மரம் நடும் நிழற்படங்களோடு முடிந்துவிடாமல், மாணவரின் சொந்த ஊரையோ அறியாத ஓர் ஊரையோ சென்று சேர வேண்டும்.

செய்யக்கூடியவை எளியவை. விடுமுறைக்கு ஊர் திரும்பும் கல்லூரி மாணவர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணிதம் சொல்லித்தரலாம். வணிகவியல் படித்தவர் மகளிர் குழுவின் கணக்கைச் சரிபார்க்கலாம். சட்டம் படித்தவர் மீனவர் நலவாரிய விண்ணப்பங்களை நிரப்ப உதவலாம். பங்கும் தன் பட்டதாரிகளைத் திருவிழா வேலைக்கு மட்டும் அழைக்காமல், வரவு செலவிலும் முடிவுகளிலும் கேள்வி கேட்க இடம் தர வேண்டும். கேள்வி கேட்கக் கூடாது என்னும் இடத்தில் கீழ்ப்படிதல் வளரும்; பண்பு வளராது.

எத்தனை பட்டதாரிகளை உருவாக்கினோம் என்று கல்லூரிகள் ஆண்டுதோறும் கணக்குக் காட்டுகின்றன. அவர்கள் கற்றது யாருடைய கரையைச் சேர்ந்தது என்பதே, ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன் இக்கடற்கரையில் உழைத்தவர் பாரீஸ் நகரைப் பார்த்துக் கேட்ட கேள்வி. இன்று அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாம்.