பெயரை விடச் சாயம் மெய்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் காஷ்மீர வியாபாரிகளின் கடைகள் இருக்கின்றன. அங்கேயாகட்டும், லண்டன் ஏலக் கூடத்திலாகட்டும், பழைய கம்பளத்துக்கு விலை பேசும்போது முந்தி நிற்பது பெயர்தான்: பாரசீகம், புகாரா, பலூச்சி. ஆனால் கம்பளத்தின் பெயர் பெரும்பாலும் நெய்த ஊருடையதல்ல, விற்ற ஊருடையது. புகாரா என்று உலகம் அறிந்த சிவப்புக் கம்பளங்களை நெய்தவர்கள் துர்க்மான் இனக்குழுப் பெண்கள். புகாரா நகரம் அவற்றுக்குச் சந்தை. ஜப்பானின் கியோத்தோவில் கியோன் திருவிழாத் தேர்களை அலங்கரிக்கும் 17ஆம் நூற்றாண்டுக் கம்பளங்களில் சில நம் தக்காணத்துத் தறிகளில் உருவானவை என்பதை ஆய்வாளர்கள்தான் பின்னாளில் சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே பழங்கம்பளம் சேர்ப்பவர் பெயரை ஓரம் வைத்துவிட்டுச் சாயத்தைப் படிக்க வேண்டும் என்பதே என் கட்சி.

இதற்குச் சான்று தேடி ஈரான் போக வேண்டாம். 1911இல் திருவண்ணாமலை வட்டம் வந்து சேர்ந்த அன்றைய வட ஆற்காடு மாவட்டத்திலேயே வாலாஜாபேட்டை இருந்தது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய அந்த வணிக ஊர் கம்பளத்துக்கும் பேர் போனது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து அந்தத் திசையில்தான் ஓடியது. நிலையமோ ஊரை விட்டுத் தள்ளி அமைந்தது. சரக்கு வண்டிகள் நின்று போன ஊரில் வியாபாரம் மெல்லத் தேய்ந்தது. அதே 1856இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற மாணவர் நிலக்கரித் தாரிலிருந்து முதல் செயற்கை ஊதாச் சாயத்தை எடுத்தார். சோழமண்டலக் கரையில் சிவப்புக்குச் சாயவேரும் நீலத்துக்கு அவுரியும் ஆண்ட காலம் அதோடு ஆட்டம் கண்டது. போதாததற்குச் சிறைகளில் கைதிகளைக் கொண்டு மலிவாக நெய்வித்த கம்பளங்கள் வந்தன; அவை சுதேசி நெசவைக் கெடுத்துவிட்டன என்று 1880இலேயே இந்தியக் கைவினைகளை ஆராய்ந்த ஜார்ஜ் பேர்ட்வுட் எழுதினார்.

'கம்பளமே பாரசீகத்திலிருந்து வந்த கலைதானே, வாலாஜாபேட்டைக்கு அதில் என்ன சொந்தம்?' என்று கேட்கலாம். முடிச்சு வந்தது உண்மை. ஆனால் நூலில் ஏறிய நிறத்தை ஊரின் வேரும் தண்ணீரும் தீர்மானித்தன. பாரசீகமும் தப்பவில்லை, மலிவான செயற்கைச் சாயம் தன் நாட்டுக் கம்பளத்தின் மதிப்பைக் குலைப்பதைக் கண்டு ஷா நாசிருத்தீன் 1882இல் அந்தச் சாயத்தின் இறக்குமதிக்குத் தடை போட்டார். பாரசீகம் என்ற பெயர் மட்டும் நல்ல சாயத்துக்கு உத்தரவாதமில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

'சாயமும் ஏமாற்றாதா?' என்பது அடுத்த தடை. கம்பளத்தை மடித்து, இழைகளின் அடியைப் பாருங்கள். நுனி சாம்பலாக வெளுத்து, அடியில் மட்டும் ஊதாவோ ரோஜா நிறமோ பளிச்சென்று நின்றால் அது பெரும்பாலும் ஆரம்பகாலச் செயற்கைச் சாயம். அப்படியானால் அந்தக் கம்பளம் 1856க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. பின்னால் வந்த குரோம் வகைச் செயற்கைச் சாயங்கள் வெளுக்காதவை என்பதால், வெளுக்காத நிறத்தைக் கண்டு மட்டும் பழமையென்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்தச் சோதனைக்கு எல்லை இருக்கிறது, ஆனாலும் வியாபாரியின் வாய்ப்பேச்சை விட அது உறுதியான சான்று.

இந்தப் படிப்பு தறிக்கும் உதவும். ஜெர்மானிய வேதியியல் ஆசிரியர் ஹரால்ட் போமர் பழைய துருக்கிக் கம்பளங்களின் சாயங்களைச் சோதித்தறிந்து, 1980களின் தொடக்கத்தில் துருக்கியின் ஐவாஜிக் வட்டாரக் கிராமத்தாருக்கு வேர்ச்சாயத்தைத் திரும்பக் கற்றுக்கொடுத்தார். வாலாஜாபேட்டை உள்ளிட்ட தென்னிந்தியக் கம்பள நெசவைப் பற்றி ஹென்றி ஹாரிஸ் 1908இல் எழுதிய அறிக்கை நம்மிடம் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய துண்டுகள் வேண்டும். ஆற்காட்டு வீட்டுப் பரணில் கிடக்கும் கம்பளத்தைப் 'பாரசீகம்' என்று விற்றுவிடுமுன் ஒருமுறை மடித்து அடிநிறத்தைப் பார்த்தால், அந்தத் துண்டுகளில் ஒன்று மிஞ்சக்கூடும்.