வெள்ளைப் பந்தும் ஒரு ஜெயில் கைதியும்

போன மாசம் பூல் ஆடிக்கொண்டிருந்தபோது கியூ முனையில் இருந்த தோல் டிப் பிய்ந்து விழுந்துவிட்டது. சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு தோல், அவ்வளவுதான். வேறு கியூ காலி இல்லை. பரவாயில்லை என்று டிப் இல்லாமலேயே வெள்ளைப் பந்தின் அடிப்பக்கமாக ஒரு அடி அடித்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். கியூ வழுக்கி, பந்து பக்கவாட்டில் நொண்டிக்கொண்டு போச்சு. நடுவில் அடிச்சா நேரா போகுது, கொஞ்சம் தள்ளி அடிச்சா காலி.

அப்போதான் உறைச்சுது. இரு நூறு வருஷம் முன்னாடி வரை பில்லியர்ட்ஸ் ஆடின அத்தனை பேருக்கும் இதே கதிதானே!

பூல் ஆடாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். கலர் பந்தைக் குழியில் போடுவது பாதி ஆட்டம்தான். போட்ட பிறகு வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்பதுதான் மீதி. கீழே அடித்தால் பின்சுழற்சி: மோதிய பிறகு நம்மை நோக்கித் திரும்பி வரும் (டிரா). மேலே அடித்தால் கலர் பந்தின் பின்னாலேயே போகும் (ஃபாலோ). மோதும் நேரத்தில் சுழற்சியே இல்லாமல் நேருக்கு நேர் இடித்தால் அங்கேயே நிற்கும் (ஸ்டாப்). எல்லாமே நடுவை விட்டு விலகி அடிப்பதில் இருக்கிறது.

ஆரம்ப காலத்தில் கியூவே கிடையாது. தட்டைத் தலை வைத்த ஒரு கோலால் பந்தைத் தள்ளுவார்கள். பந்து ஓரத்துக் கட்டையை ஒட்டி நின்றால் தலை இடிக்கும்; கோலைத் திருப்பி வால் பக்கத்தால் குத்துவார்கள். வாலுக்கு பிரெஞ்சில் 'கியூ'. நாளாவட்டத்தில் தலை போய் வால் மட்டும் நின்றுவிட்டது. ஆனாலும் முனை வெறும் மரம். வழுக்காமல் இருக்க, முனையைச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சில் தேய்த்துக்கொண்டு ஆடினார்கள். (சுவருக்குச் சொந்தக்காரரை நினைச்சா பாவமா இருக்கு.)

இதை மாற்றியவர் பிரான்சுவா மேங்கோ. உச்சரிப்பு கிட்டத்தட்ட அப்படித்தான், மாம்பழம் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை. பிரெஞ்சுக் காலாட்படையில் கேப்டன். அரசியல் காரணத்துக்காக அவரைப் பாரிஸ் பக்கத்தில் இருந்த பிசெத்ர் சிறையில் போட்டார்கள். 1792-ல் கில்லட்டினைப் பிணங்களை வைத்துச் சோதித்துப் பார்த்த இடம் அது. அப்படிப்பட்ட இடத்திலும் ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை இருந்திருக்கிறது! மனுஷன் அங்கே உட்கார்ந்து கியூ முனையில் தோலை ஒட்டிப் பார்த்திருக்கிறார். 1807 வாக்கில் வெளியே வந்து அவர் ஆடிக் காட்டியதும் பாரிஸ் வாயைப் பிளந்தது. போன பந்து திரும்பி வருதே!

விடுதலை தேதி வந்தபோது 'பயிற்சி இன்னும் முடியலை, கொஞ்ச நாள் உள்ளேயே இருக்கேன்' என்று அவரே கேட்டாராம். எனக்கு நம்பிக்கை இல்லை. கில்லட்டின் ஊரில் எவன் அப்படிக் கேட்பான்? ஆனால் ஒரே ஷாட்டை மூணு மணி நேரம் அடித்துப் பார்த்தவர்கள் இந்தக் கதையை முழுசாகத் தள்ள மாட்டார்கள்.

தோல் என்ன செய்கிறது? கியூவும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது சுமார் ஒரு மில்லிசெகண்ட்தான். அந்த நேரத்தில் தோல் லேசாக அமுங்கிப் பந்தைப் பிடித்துக்கொள்கிறது. சாக் அந்தப் பிடியை இன்னும் கூட்டும். இங்கிலாந்தில் பாத் நகரத்து ஜாக் கார் என்பவர் சாதா சாக்கை 'பந்தைச் சுழற்றும் மந்திரப் பொடி' என்று டப்பியில் அடைத்து நல்ல விலைக்கு விற்றதாகச் சொல்வார்கள். அன்னைக்கே மார்க்கெட்டிங்!

மேங்கோ தன் ஷாட்டுகளை 1827-ல் படங்களோடு புத்தகமாகப் போட்டார். 1835-ல் கணிதமேதை கொரியோலிஸ் இந்தச் சுழற்சிக்கெல்லாம் கணக்குப் போட்டு ஒரு புத்தகமே எழுதிவிட்டார். ஆமாம், புயலைச் சுழல வைக்கும் 'கொரியோலிஸ் விசை' ஆசாமியேதான். பந்தின் ஆரத்தில் பாதி தூரம் பக்கவாட்டில் தள்ளி அடித்தால்தான் பக்கச் சுழற்சி அதிகபட்சம் என்று கண்டுபிடித்தார். அதுக்கு மேல் தள்ளினால் எனக்கு வழுக்குகிறது, புத்தகம் படிக்காமலேயே தெரியும்.

நம்ம ஊட்டிக்கும் இதில் பங்கு உண்டு. 1875-ல் ஜபல்பூரில் பிறந்த ஸ்னூக்கருக்கு 1882-ல் விதிகளை எழுதி மாட்டியது ஊட்டி கிளப்பில்தான். எழுதியவர் நெவில் சேம்பர்லின், பின்னாளில் பிரதமரான அதே பெயர்க்காரர் அல்ல. எதிராளி தொட வேண்டிய பந்தை மறைத்து வெள்ளையை நிறுத்துவதுதான் அந்த ஆட்டத்தின் உயிர். ஜெயில் தோல் இல்லாமல் அது நடக்குமா?

என் கியூவுக்குப் புது டிப் ஒட்டியாச்சு. தினமும் இரு பந்துகளையும் ஒரே நேர்கோட்டில் வைத்து டிரா அடித்துப் பழகுகிறேன். ஒரு அடி இடைவெளியில் வெள்ளை அழகாகத் திரும்பி வருகிறது. மூணு அடி வைத்தால் போகிற வழியிலேயே துணி பின்சுழற்சியைத் தின்றுவிடுகிறது. அதே அடி ஸ்டாப் ஷாட்டாகிவிடுகிறது. நாலு அடிக்கு மேல் வெள்ளையும் கூடவே குழிக்குள் போய் விழுகிறது. இன்னும் கீழே அடிக்கணும், ஆனால் கை பயப்படுது.