சிலந்திக் கட்டி

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு சமவெளிக்கு இறங்கும் அடிவாரத்தில் இருக்கிறது கச்சிராயபாளையம். சென்ற தை மாதம் அங்கே ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். கரும்பு வெட்ட வந்த ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவு கட்டி. சிவந்து, பளபளத்து, நடுவில் சீழ் கோத்திருந்தது.

"சோகை கிழிச்ச இடத்திலே சிலந்தி வந்திடுச்சுங்க ஐயா. கடையிலே நாலு மாத்திரை வாங்கித் தின்னேன், கேக்கலே" என்றார்.

பூச்சிக்கும் கட்டிக்கும் நம்மவர் ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் இத்தகைய கட்டியோடு வருகிறவர்களில் பலர், சிலந்தி கடித்துவிட்டது என்றுதான் வைத்தியரிடம் சொல்வார்களாம். பெரும்பாலும் குற்றவாளி சிலந்தியல்ல, ஒரு கிருமி.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து அறுவை வைத்தியர் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் 1880-ல் கட்டிகளின் சீழில் அதைக் கண்டார். திராட்சைக் குலைபோல் தெரிந்ததால் 1882-ல் 'ஸ்டாபிலோகாக்கஸ்' என்று பெயரிட்டார். 1928-ல் இதே கிருமியைப் பிளெமிங் வளர்த்த தட்டில்தான் பெனிசிலின் பூஞ்சணம் விழுந்தது. 1945-ல் நோபல் பரிசு பெற்றபோதே, மருந்தைக் குறைந்த அளவில் உட்கொண்டால் கிருமி அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் என்று அவர் எச்சரித்தார். யார் கேட்டார்கள்? பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகளை அடக்க 1959-ல் மெதிசிலின் வந்தது. அதற்கும் அடங்காதவை உண்டென்று 1961-லேயே இங்கிலாந்தில் எழுதிவிட்டார்கள். 2012-ல் சென்னையில் கூடிய மருத்துவர்களும் இந்த அபாயத்தைத் தடுக்க ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள்.

அடங்குகிற கிருமியா, அடங்காததா என்று கண்ணால் பார்த்து எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. சீழைச் சோதனைக்கூடத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். சந்தேகப்படச் சில குறிகள் உண்டு: மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளாகியும் வற்றாத கட்டி; ஆறியபின் திரும்ப வருவது; ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பலருக்கு வருவது. காய்ச்சல் கண்டாலும், சிவப்பு பரவினாலும், கட்டி முகத்தில் வந்தாலும், நீரிழிவு இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். கட்டியைப் பிதுக்கக் கூடாது. மூடி வைக்க வேண்டும். ஒருவர் துண்டை மற்றவர் தொடக் கூடாது.

கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனோம். வைத்தியர் கீறிச் சீழை வடித்து, கொஞ்சம் சோதனைக்கும் அனுப்பினார். திரும்பும் வழியில், முன்பே வந்திருக்கலாமே என்றேன்.

"ஒரு நாள் கூலி போயிடுமேங்க" என்றார்.

அவரை அறியாமைக்காரர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நாலு மாத்திரைக்குத்தான் அன்று அவரிடம் காசு இருந்தது. கிருமி பாடம் கற்க அந்த நாலு போதும்.