பம்பாயில் பனி, நிலவில் போலீஸ்

1993இல் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட ‘இட் ஹேப்பண்ட் டுமாரோ’ தொகுப்பில், பல இந்திய மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன 19 அறிவியல் கதைகள் இருக்கின்றன. தொகுத்தவர் பால் ஃபோண்ட்கே. 2019இல் ஹாசெட் இந்தியா கொண்டுவந்த தெற்காசிய அறிவியல் புனைவுத் தொகுப்பு தருண் கே. செயின்ட் தொகுத்தது. இடையில் 26 ஆண்டுகள். அடுத்தடுத்து வாசித்தால் அதைவிடப் பெரிய தூரம் தெரிகிறது.

முதல் நூலில் விஞ்ஞானிக்குப் பெரிய இடம். ஜயந்த் நார்லிகரின் கதையில் ஒரு காலையில் பம்பாய் பனி மூடிக் கிடக்கிறது. பனியுகம் வரப்போகிறது என்று எச்சரித்தவரை அதுவரை யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு, ராக்கெட்டுகளை ஏவி வானத்தைச் சூடாக்க அவரிடமே வந்து நிற்கிறார்கள். கணக்கு சரியாக இருந்தால் மனிதகுலம் பிழைத்துக்கொள்ளும் என்ற உறுதி கதை முழுக்க ஓடுகிறது. அந்த உறுதிக்கு வேர் உண்டு. மராத்தி விஞ்ஞான் பரிஷத் அறிவியல் கதைப் போட்டி நடத்தி எழுத்தாளர்களை வளர்த்தது. 1974இல் நார்லிகரே நாராயண் விநாயக் ஜக்தாப் என்ற புனைபெயரில் கதை அனுப்பிப் பரிசு வாங்கினார். ஃபோண்ட்கேயின் தொகுப்பில் மராத்தியின் கை ஓங்கியிருப்பது தற்செயல் இல்லை. தமிழிலிருந்து சுஜாதா இருக்கிறார்.

இரண்டாம் நூலுக்கு விஞ்ஞானத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. மனிதனைத்தான் அது சந்தேகத்தோடு பார்க்கிறது. ஹரிசங்கர் பர்சாயியின் கதையில் நிலவுக்குப் போகும் இன்ஸ்பெக்டர் மாதாதீன், அங்குள்ள போலீசாருக்குப் பொய்ச் சாட்சி தயாரிக்கக் கற்றுக்கொடுக்கிறார். கொஞ்ச நாளில், அடிபட்டுக் கிடப்பவனைத் தூக்கிவிடக்கூட அங்கே ஆளில்லாமல் போகிறது. தேசப் பிரிவினையைத் தொகுப்பாசிரியரே ஒரு கதையாக்கியிருக்கிறார். ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ மூலம் நமக்குப் பழக்கமான ராகுல சாங்கிருத்யாயன், இருபத்திரண்டாம் நூற்றாண்டைக் கனவு கண்ட பகுதியும் உண்டு. இலக்கியமாக எனக்கு இந்த நூலே உயர்ந்தது. பர்சாயி தந்த கலக்கத்தை நார்லிகரின் பனி தரவில்லை. ஆனாலும் பழைய எழுத்தைத் தேடும்போது செயின்டின் கை இந்திக்கும் வங்காளத்துக்குமே முதலில் நீள்கிறது. ஒரு தமிழ் வாசகனாக அது எனக்கு வலிக்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இருந்து பார்த்தால் இரண்டிலும் ஒரு வெற்றிடம் தெரிகிறது. இந்த ஊர்கள் இயந்திரத்தோடு வாழ்பவை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடநாடு தாண்டி ஆப்பிரிக்கா வரை போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. நாமக்கல்லில் கோழியின் தீவனமும் முட்டையும் அன்றாடக் கணக்கு. ஆயிரம் அடிக்கு ராடு இறக்கியும் வெறும் புழுதி மட்டுமே வருவதைப் பார்த்து நிற்கும் தொழிலாளிக்கு எதிர்காலம் என்ன என்று நன்றாகவே தெரியும். ஃபோண்ட்கேயின் நூலில் அவன் கதை வந்திருந்தால், தண்ணீரைக் கண்டுபிடிக்கும் ஒரு பொறியாளர் நடுவில் நின்றிருப்பார். செயின்டின் நூலில் அவன் கூலியும் அவன் விட்டுவந்த ஊரும் பேசப்பட்டிருக்கும். எனக்கு இரண்டாவது கதை வேண்டும், முதல் நூலின் துல்லியத்தோடு.

பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’ (2016) அதற்கு அருகில் வருகிறது. ஆட்டுக்குக் காது குத்தி அடையாளமிட்டுக் கணக்கு வைக்கும் அரசை, வானம் பார்த்த காட்டில் நிறுத்திக் காட்டிய நாவல் அது. இன்னும் பின்னால் போனால் கொல்லிமலையில் தானே இயங்கும் பாவையைச் சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். அந்தப் பாவையை இன்றைய ரோபோ கதையாக எழுதத் தமிழில் கைகள் உண்டு. ‘அரூ’ இதழ் அறிபுனைவுச் சிறுகதைப் போட்டி நடத்தியபோது அது தெரிந்தது. மராத்தியில் பரிஷத் விடாமல் செய்த வேலையை இங்கே கல்லூரித் தமிழ்த் துறைகளும் பதிப்பகங்களும் ஆண்டுதோறும் செய்ய வேண்டும். அப்படி வரும் தொகுப்பில் ஒரு கதையாவது ரிக் வண்டியில் போனவர் எழுதியதாக இருக்கட்டும்.