லேசர் முடிஞ்சாச்சு... இன்னும் ஏன் வாராவாரம் ஸ்கேன்?

ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டையரில், சிலசமயம் ஒரு குழந்தையின் ரத்தம் இன்னொன்றுக்குப் போய்விடும். இணைப்புக் குழாய்களை லேசரால் பொசுக்கி அடைத்தபின், பனிக்குட நீர் பெரும்பாலும் சீராகிவிடும். 'அதான் சரியாயிடுச்சே'ன்னு ஸ்கேனைத் தள்ளிப்போடாதீங்க.

ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குழாய் ஒன்று தப்பியிருந்தால்கூட ரத்தம் மெள்ள மெள்ளக் கசியலாம். ஒரு குழந்தைக்கு ரத்தசோகை வரும். மற்றதற்கு ரத்தம் கெட்டிப்படும். 'டாப்ஸ்' எனப்படும் இந்தப் பிரச்னை நீர் அளவில் தெரியாது, டாப்ளரில்தான் தெரியும். மூளையின் நடுத்தமனியில் ரத்த வேகம் அந்த வாரத்துக்கான இயல்பைவிட 1.5 மடங்கைத் தாண்டினால், ரத்தசோகையைச் சந்தேகிப்பார்கள். மற்ற குழந்தைக்கு வேகம் குறைந்திருக்கும்.

முதல் 2 வாரங்கள் வாரம் ஒருமுறை, பிறகு 2 வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம். ரிப்போர்ட்டில் ஒரு குழந்தையின் அளவு மட்டும் இருந்தால், 'இன்னொண்ணுக்கு எவ்ளோ?'ன்னு தயங்காம கேளுங்க.