அரிக்கமேட்டுக் குயவர் முத்திரைகள்

பழைய சவரக் கத்தி ஒன்று கையில் கிடைத்தால், விவரம் அறிந்தோர் முதலில் நோக்குவது அதன் கூர்மையை அன்று. அலகின் அடிப்பகுதியில் பொறித்திருக்கும் முத்திரையைத்தான். ஷெஃபீல்டு, சோலிங்கன் எனும் ஊர்ப்பெயர்களும் பட்டறைப் பெயர்களும் அங்கேதான் காணப்படும். மகுடத்துடன் 'வி.ஆர்.' என்றிருந்தால் விக்டோரியா அரசியின் காலம் (1837-1901) என்று கொள்வர். செய்தவன் பெயரைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் இதே வழியில்தான், நம் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிற்கும் காலம் குறிக்கப்பட்டது.

1944ஆம் ஆண்டு புதுச்சேரிப் பொது நூலகத்தில் வைக்கப்பட்டிருந்த சில சிவந்த ஓட்டுத் துண்டுகளை மார்ட்டிமர் வீலர் கண்டார். அவை இத்தாலியின் அரெஸ்ஸோ நகரால் பெயர்பெற்ற மெருகேற்றிய கலங்களின் துண்டுகள் என்பது அவருக்கு உடனே விளங்கிற்று. மறு ஆண்டே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அகழாய்வு தொடங்கியது. அங்குக் கிடைத்த துண்டுகள் சிலவற்றில் விபியஸ் குடும்பத்தார், காமுரியஸ், இத்தா ஆகியோரின் முத்திரைகள் இருந்தன. சுடுவதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போதே அழுத்திய முத்திரைகள் இவை. எங்கோ இத்தாலியில் சக்கரம் சுழற்றிய குயவர்களின் பெயர், நம்மூர் ஆற்று மண்ணில் புதைந்து கிடந்தது வியப்பே!

இவ்வகைக் கலங்களின் ஏற்றுமதி கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு ஓய்ந்ததெனக் கருதிய வீலர், அதையே அளவுகோலாகக் கொண்டார். உடன் கிடைத்த உள்நாட்டுக் கலங்களுக்கும் அக்காலமே வாய்த்தது. அக்கலங்களைத் துணைக்கொண்டு, 1947இல் கருநாடகத்தின் பிரம்மகிரிக்கும் காலம் கணித்தார்.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். முத்திரை, கலம் வனைந்த காலத்தைச் சொல்லும். அது வந்து சேர்ந்த ஊர் தோன்றிய காலத்தைச் சொல்லாது. விக்டோரியா காலத்துக் கத்தி ஒரு வீட்டில் இருப்பதால், அவ்வீடும் அக்காலத்தது ஆகிவிடுமா? விமலா பெக்லி குழுவினர் 1989 முதல் 1992 வரை நடத்திய அகழாய்வுகள், உரோமானியக் கலங்கள் வருவதற்கு முன்பே, கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே, அரிக்கமேட்டில் மக்கள் வாழ்ந்ததைக் காட்டின. உரோமர் வந்ததால் பிறந்த ஊர் என்ற எண்ணம் அத்துடன் தளர்ந்தது. எனினும் பாடநூல் வழியே படிந்த 'உரோமானியர் குடியிருப்பு' என்ற சொல் இன்னும் பலர் நாவில் இருக்கிறது.

அதே மண்ணில் தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகளும் கிடைத்துள்ளன. கத்தியின் பிடியில் உரியவர் தம் பெயரைக் கீறி வைப்பது போல, சுட்ட கலத்தின்மேல் பின்னர்க் கீறிய எழுத்துகள் அவை. இத்தாலிய முத்திரை வனைந்தவனுடையது. இக்கீறல் கலத்தை வைத்திருந்தவனுடையது.