டெட்ராய்டின் பள்ளிக்கூடமும் படப்பையின் பேண்டு வாத்தியமும்

1

சென்னைக்கும் அதன் தென்மேற்கு ஓரங்களுக்கும் 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று ஒரு பட்டம் சூட்டப்பட்டிருக்கிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசை நீண்டது. வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் படப்பையைக் கடக்கிற கன்டெய்னர் லாரிகளும் ஷிப்ட் பஸ்களும் இந்தப் பட்டத்தின் அன்றாடச் சாட்சிகள்.

சரி, டெட்ராய்டிலிருந்து நாம் எதை எடுத்துக்கொண்டோம்? அசெம்பிளி லைனை எடுத்துக்கொண்டோம். ஷிப்டை எடுத்துக்கொண்டோம். சங்கம் என்றால் முகம் சுளிக்கும் நிர்வாகத்தையும் எடுத்துக்கொண்டோம். ஃபோர்டு கம்பெனி 1941வரை தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட மறுத்தது. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024இல் சங்க அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. இந்த ஒப்புமை கச்சிதமாகவே பொருந்துகிறது.

ஆனால் டெட்ராய்டுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. தெற்கின் பருத்திக் காடுகளிலிருந்து கார் ஆலைகளை நம்பி இடம்பெயர்ந்த கறுப்பர்களின் நகரம் அது. அங்கே அரசுப் பள்ளிக்கூடங்களில் பேண்டு இருந்தது. காஸ் டெக்னிக்கல் பள்ளியில் ஜெரால்டு வில்சன், டொனால்டு பேர்டு, ரான் கார்ட்டர் படித்தார்கள். மில்லர் பள்ளியிலிருந்து மில்ட் ஜாக்சனும் யூசுஃப் லத்தீஃபும் வந்தார்கள். ஜாஸ் வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர்கள் இவை. கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடமே கையில் ஒரு டிரம்பெட்டைக் கொடுத்தது. பட்டத்தை இறக்குமதி செய்தவர்கள் இதை மட்டும் கப்பலில் ஏற்றவில்லை.

'ஜாஸா? நம்ம ஊருக்கு எதுக்குங்க அதெல்லாம்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் வரலாற்றில் இருக்கிறது.

2

பேண்டு என்பது நமக்கு அந்நியமான சரக்கு அல்ல. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798-1832) தன் அரண்மனையில் ஐரோப்பிய பேண்டு வைத்திருந்தார். அதே காலத்தில் முத்துசாமி தீட்சிதர், ஜார்ஜ் கோட்டை பேண்டுகள் வாசித்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். சுமார் 40 'நோட்டுஸ்வர'ங்கள் அவர் பெயரில் இருக்கின்றன. பிரிட்டிஷ் மன்னரை வாழ்த்தும் மெட்டே 'சந்ததம் பாஹிமாம்' என்று தேவி துதியாகியது.

இது மேலிருந்து நிகழ்ந்த ஏற்பு. கீழேயும் ஒரு கதை இருக்கிறது. 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவ ஆண் அநாதை இல்லத்துக்கு ஆண்ட்ரூ பெல் பொறுப்பேற்றார். வெள்ளைச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் அங்கே வளர்க்கப்பட்டார்கள். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் 'மெட்ராஸ் முறை' இங்கிருந்துதான் இங்கிலாந்துக்குப் போனது. 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு விதி போட்டது: தாயும் தந்தையும் ஐரோப்பியராக இல்லாதவர்களுக்கு ராணுவத்தில் குழலூதி, முரசடிப்பவர், பேண்டுக்காரர், லாடம் கட்டுபவர் வேலைகள் மட்டுமே. துப்பாக்கி பிடிக்கத் தகுதியில்லாதவன் முரசு பிடிக்கலாம். உடலை ஒழுங்குபடுத்துவதும் இனத்தை வகைப்படுத்துவதும் ஒரே முரசில் முழங்கின. ஃபூக்கோவைப் படித்துவிட்டு ஐரோப்பியச் சிறைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாம், எழும்பூருக்கும் ஒருநடை போய் வரலாம்.

இப்போது நியூ ஆர்லியன்ஸ். 1913 தொடக்கத்தில், புத்தாண்டு இரவில் துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டதற்காக ஒரு கறுப்புச் சிறுவன் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்படுகிறான். அங்கே பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியர் நடத்திய பேண்டில் சேர்கிறான். முதலில் தம்பூரின், பிறகு முரசு, பியூகிள், கடைசியில் கார்னெட். அந்தச் சிறுவன் லூயி ஆம்ஸ்ட்ராங். தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஜென்கின்ஸ் அநாதை இல்லம் 1890களில் தொடங்கிய சிறுவர் பேண்டிலிருந்து கேட் ஆண்டர்சன், ஜாபோ ஸ்மித் போன்ற டிரம்பெட் கலைஞர்கள் வந்தார்கள்.

எழும்பூரிலும் அநாதைகள், நியூ ஆர்லியன்ஸிலும் அநாதைகள். இரண்டு இடத்திலும் அதே ராணுவக் கருவிகள், அதே ஒழுங்கு. அப்படியானால் ஓரிடத்தில் ஏன் ஒரு புதிய இசை பிறந்தது? அங்கே இல்லத்தின் கதவுக்கு வெளியே ஒரு தெரு இருந்தது. சாவு ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் கறுப்பர்களே நடத்திய பேண்டுகள் அந்தத் தெருவில் நடந்தன. பேண்டு தெருவுக்குப் போனது. தெரு பேண்டுக்குள் வந்தது. நம் தெருவிலும் சாவு மேளம் இருந்தது. ஆனால் அதைப் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்திவைக்கச் சாதி இருந்தது.

3

பள்ளி பேண்டு என்ன வாசிக்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? இந்தக் கேள்விக்கு மிகச் சுவையான பதில் டபிள்யூ.சி. ஹேண்டியுடையது. பின்னாளில் 'மெம்ஃபிஸ் புளூஸ்' (1912), 'செயின்ட் லூயி புளூஸ்' (1914) வெளியிட்டவர். 1900 முதல் 1902வரை அலபாமாவின் நார்மல் என்ற ஊரில் கறுப்பர் கல்லூரி ஒன்றில் பேண்டு ஆசிரியராக இருந்தார். கல்லூரித் தலைவர் வில்லியம் கவுன்சில், அடிமையாகப் பிறந்து கல்வியால் உயர்ந்தவர். அவருக்கு ஐரோப்பியச் செவ்வியல் இசைதான் மரியாதை. கறுப்பர் தெருக்களில் பிறந்த ராக்டைம் அவருக்குக் கீழ்த்தரம்.

ஹேண்டி என்ன செய்தார்? நிகழ்ச்சி நிரலில் ஒரு ராக்டைம் உருப்படியின் பெயரை மாற்றினார். ஹெய்ட்டி அடிமைப் புரட்சியின் தலைவரான தூசான் லூவெர்த்தூருக்கு வாழ்த்து என்று போட்டார். யாரும் ஆட்சேபிக்கவில்லை, எல்லோரும் ரசித்தார்கள். 1941இல் வெளிவந்த தன்வரலாற்றில் இதைக் குறும்போடு சொல்கிறார்.

இதை தீட்சிதரின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் மெட்டைத் தொடாமல் பெயரை மாற்றினார்கள். ஒருவர் ஆள்பவனின் மெட்டை சமஸ்கிருதத்தால் புனிதமாக்கி உள்ளே எடுத்துக்கொண்டார். இன்னொருவர் அடிமைகளின் பேரப்பிள்ளைகள் ஆடிய மெட்டுக்குப் புரட்சிக்காரனின் பெயரைக் கொடுத்து, அதை வெறுத்த மேடையிலேயே ஏற்றினார். இரண்டையும் 'கலப்பு' என்ற ஒரே சொல்லில் அடக்குவது சோம்பேறித்தனம். கலப்பில் யார் யாருடைய வாசலைத் தட்டுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

அந்தக் கல்லூரித் தலைவரை எளிதாகத் திட்டிவிடக் கூடாது. நம்மிடமும் அந்த விவாதம் நடந்தது. பறை அடிப்பதைக் கைவிடுவதே விடுதலை என்று ஒரு தரப்பு. அது இழிவு அல்ல, எங்கள் கலை என்று இன்னொரு தரப்பு. 1990களில் தலித் இயக்கங்களுக்குள் இரண்டு குரலும் ஒலித்தன. சாவுக்கு அடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து வந்தவனுக்கு, கருவியைத் தூக்கி எறிவதும் அரசியல்தான். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டியபோது விவாதம் வேறு தளத்துக்கு நகர்ந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, கர்நாடக மெட்டுக் கீர்த்தனைக்குப் பதிலாக நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே அமைத்தார். மெட்டைத் தேர்வதும் இறையியல்தான் என்றது அந்த முயற்சி.

4

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமையாகாது. மிசிசிப்பியில் பைனி உட்ஸ் என்ற கறுப்பர் கிராமப் பள்ளி. 1937இல் பள்ளிக்கு நிதி திரட்ட மாணவிகளைக் கொண்டே ஒரு ஸ்விங் பேண்டு தொடங்கப்பட்டது: இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம். சாக்ஸபோன், டிரம்பெட், டிராம்போன் எல்லாம் பெண்கள் கையில். ஊர் ஊராக வாசித்து அவர்கள் ஈட்டியது பள்ளிக்குப் போனது. 1941இல் பள்ளியிலிருந்து பிரிந்து தனித் தொழில்முறைக் குழுவானார்கள். பின்னர் வெள்ளைப் பெண்களும் சேர்ந்தார்கள். தெற்கில் இரு நிறத்தவர் ஒன்றாகப் பயணிப்பது ஆபத்து என்பதால், போலீஸ் வந்தால் அந்த வெள்ளைப் பெண்கள் முகத்தில் கறுப்புப் பூச்சைப் பூசிக்கொள்ள வேண்டியிருந்தது. 1945இல் ஐரோப்பாவில் கறுப்புச் சிப்பாய்களுக்காக வாசித்தார்கள். பள்ளி பேண்டு விடுதலையும் தரும், மாணவிகளின் உழைப்பையும் உறிஞ்சும். இரண்டும் இந்த ஒரே கதையில் இருக்கின்றன. ஆண்டு விழாவுக்கும் அமைச்சர் வரவேற்புக்கும் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தும் நம்மூர் நிர்வாகங்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

5

தமிழ்நாட்டுக்கு ஸ்விங் வரவில்லையா? வந்தது, ஆனால் பள்ளிக்கு வரவில்லை. ரயில்வே காலனிகளின் நடன அரங்குகளில் ஆங்கிலோ இந்தியர்கள் வாசித்தார்கள். பிறகு சினிமா. 1950களிலும் 60களிலும் தமிழ்ப் படத்தில் பித்தளை வாத்தியங்கள் சேர்ந்து முழங்கினால் அது பெரும்பாலும் கிளப் காட்சி. எல்.ஆர். ஈஸ்வரி, ஜமுனா ராணி குரலில் 'கெட்டுப்போன' பெண் ஆடுவாள். கதாநாயகிக்கு வீணை, கிளப்காரிக்கு சாக்ஸபோன் என்று இசைக்கருவிகளுக்கே கற்பு பிரித்துக் கொடுக்கப்பட்டது.

1958இல் டேவ் புருபெக் குழுவும் 1963இல் டியூக் எலிங்டன் குழுவும் சென்னையில் வாசித்தன. இரண்டையும் அனுப்பியது அமெரிக்க அரசு. பனிப்போரின் பண்பாட்டுத் தூது அது. லிட்டில் ராக் பள்ளியில் கறுப்பு மாணவர்களை உள்ளே விட மறுத்ததைக் கண்டித்து, 1957இல் ஆம்ஸ்ட்ராங் இதேபோன்ற சோவியத் பயணத்தை உதறினார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். இந்தத் தூதுகள் மேட்டுக்குடி ரசிகர்களைத் தொட்டன. கார்ப்பரேஷன் பள்ளியைத் தொடவில்லை.

கத்ரி கோபால்நாத் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதைக் கர்நாடகக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். மகத்தான சாதனை. ஆனால் சபா ஏற்றுக்கொண்டது தனி சாக்ஸபோனை. ஐந்து பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே மூச்சாக ஊதி, எதிர்வரிசை டிரம்பெட்டுகளுக்குப் பதில் சொல்லும் அந்தக் கூட்டுவேலை உள்ளே வரவில்லை.

6

ஸ்விங்கின் சாரம் அந்தக் கூட்டுவேலைதான். புளூஸ் என்பது 12 பார் கொண்ட சட்டகம். அடிப்படையில் மூன்றே கார்டு. எலிங்டனின் 'சி ஜாம் புளூஸ்' மெட்டில் வருவது இரண்டே சுரம். நேற்றுக் கருவி வாங்கிய பிள்ளையும் அதை ஊதிவிடலாம். பிறகு ஒவ்வொருவராக எழுந்து 12 பாரில் தன் மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதைத் தாங்கிப்பிடிக்க வேண்டும். கான்ஸாஸ் சிட்டியில் கவுன்ட் பேஸியின் ஆட்கள் பல உருப்படிகளைத் தாளில் எழுதாமல், ஒருவர் ஒரு சிறு சொற்கட்டைப் போட மற்றவர் அதைப் பிடித்துக்கொள்ள, காதாலேயே கட்டினார்கள். நோட்டு படிக்கத் தெரியாததைக் குறையாகக் கருதாத முறை இது.

தாளமும் நமக்குத் தூரம் இல்லை. ஸ்விங்கில் ஒரு அடியின் இரு பாதிகள் சமமாக விழுவதில்லை. முதல் பாதி நீண்டு இரண்டாவது குறுகும். ஏறக்குறைய திஸ்ர நடை. சாவு மேளத்தின் திஸ்ரத்துக்கு ஆடிப் பழகிய காலுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பள்ளி மைதானத்தில் 'லெஃப்ட் ரைட்' போடும்போதுதான் அந்தக் காலை மறக்கச் சொல்கிறோம்.

1990களின் நடுவிலிருந்து நியூயார்க்கின் லிங்கன் சென்டர் ஜாஸ் அமைப்பு எலிங்டனின் இசைத்தாள்களைப் பள்ளிகளுக்கு இலவசமாக அனுப்பிவருகிறது. நல்ல காரியம். ஆனால் எலிங்டனை அப்படியே நகலெடுப்பது படப்பைக்குப் போதாது. அந்த இசையிலிருந்து கற்க வேண்டியது தேர்வுசெய்யும் உரிமையை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒரே மேடையில் ஏற்றியபோது, சாதி பற்றிய பாட்டைச் சென்னை நின்று கேட்டது. அது மேடை. பள்ளிக்கூடம் இன்னும் மிச்சமிருக்கிறது.

ஒரகடம் ஆலைகளில் ஒவ்வொரு கையசைவுக்கும் வினாடிக் கணக்கு இருக்கிறது. அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ராணுவ நடையை மட்டும் கற்றுத்தருகிற பள்ளி, ஆலைக்கான முதல் ஷிப்டைத்தான் நடத்துகிறது. சைடு டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு பறை, பியூகிளுக்குப் பக்கத்தில் ஒரு கிளாரினெட், 12 பார், எழுந்து நிற்க ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முறை. ஆலைகள் ஊராட்சிக்குக் கட்டும் வரியிலும், சட்டப்படி செலவிட வேண்டிய சமூகப் பொறுப்பு நிதியிலும் இதற்குப் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கேட்க வேண்டியவர்கள் கேட்க வேண்டும். கேட்கும்போது, என்ன வாசிப்பது என்பதைப் பிள்ளைகளும் பேண்டு மாஸ்டரும் முடிவு செய்வார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். தலைமையாசிரியர் மறுத்தால், உருப்படிக்கு வேறு பெயர் வைக்க ஹேண்டி சொல்லிக்கொடுத்திருக்கிறார்.